ஆறு அட்டையும் ஒரு டீமேக்கரும்

“துவக்குதான் சரியில்ல மெரினா! நான் சரியாத்தான் சுட்டேன். குண்டு வெளிய வந்த பிறகு அது எங்க போச்சுன்னா, அதுக்கு நானா பொறுப்பு?”

என் வீட்டுக்காரர் ஸ்ரான்லி சொன்னது அப்படியே. ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மூன்று வருஷமாக இதே முறைப்பாடு. செப்டம்பர் மாதம் எங்கள் பக்கத்துத் தோட்ட உத்தியோகத்தர் கழகத்தில் துவக்குச் சூட்டுப் போட்டி நடக்கும். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும் முன்னே இவர் வாயிலிருந்து இது கழன்று விழும். முதல் வருஷம் பதினோராம் இடம். அடுத்த வருஷம் பதின்மூன்றாம் இடம். இந்த வருஷம் பதினான்காம் இடம். போட்டிக்கு வந்திருந்ததே பதினான்கு பேர்தான்.

“மத்த பதிமூணு பேரும் எந்தத் துவக்கால சுட்டாங்க?” என்று கேட்டேன்.

“அதே துவக்குதான்.”

“அவங்களுக்கு மட்டும் அது சரியா இருந்துச்சா?”

“எனக்கு முன்னால ஏழுமலை கிளாக்கர் சுட்டாரு. அவரு சுட்ட சூட்டுல குழாய் சூடாகி வளைஞ்சு போச்சு.”

அது காற்றுத் துவக்கு. சைக்கிளுக்கு அடிக்கிற மாதிரி காற்றை அமுக்கி, மிளகு அளவு ஈயக்குண்டு ஒன்றைத் தள்ளிவிடும். மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, பத்து மீட்டருக்கு அப்பால் இருக்கிற அட்டையில் கறுப்பு வட்டத்தைக் குறி பார்க்க வேண்டும். பத்துக் குண்டுக்குக் குழாய் வளையுமென்றால், முப்பது வருஷமாக அடுப்பில் இருக்கிற என் ரொட்டிக்கல் இந்நேரம் பூவாக விரிந்திருக்க வேண்டும்.

“இந்தாம்மா, ஒரு முடிவு எடுத்துட்டேன்” என்றார்.

இவர் முடிவு எடுத்தால் நான் கதிரையில் உட்கார்ந்துகொள்வது வழக்கம். நின்றுகொண்டு கேட்கக்கூடியவை அல்ல அவை.

“இல்ஹாம்கிட்ட ஒண்ணு வந்திருக்கு. ஜெர்மன் ரைபிள். அவரோட மச்சான் வெளிநாடு போறாராம், அதனால விக்கிறாரு. அதைப் பிடிச்சா குறி தப்பவே தப்பாது. ஒம்பது லட்சம்தான்.”

உட்கார்ந்தது நல்லதாகப் போயிற்று.

ஒன்பது லட்சம் எங்களிடம் இருந்தது. அதுதான் வில்லங்கம். அடுத்த வருஷம் மார்கழியில் இவருக்கு ஓய்வு. அன்றைக்கே இந்தக் குவாட்டர்ஸைத் தோட்டத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும். புளத்கொகுபிட்டிய டவுனுக்கு வெளியே பத்துப் பேர்ச்சஸ் காணி வாங்கி, நாலு சுவரும் எழுப்பியாயிற்று. மேலே வானம்தான். போன மழைக்குச் சாமியறை நடுவில் வல்லாரை முளைத்திருந்தது. பிடுங்கிக்கொண்டுவந்து சம்பல் போட்டேன். அந்த வானத்தை மூடத்தான் அந்தக் காசு. இன்னொரு மழைக்காலம் நனைந்தால் சுவரும் நிற்காது என்று மேசன் சொல்லிவிட்டார்.

“அப்ப கூரை?”

“கூரை எங்க ஓடிப்போகுது? அடுத்த வருஷம் போட்டுக்கலாம். இந்த ரைபிள் கை நழுவிட்டா இனிக் கிடைக்காது. ஓய்வுக்கு முன்னால ஒரே ஒரு தடவை அந்தக் கப்பைத் தூக்கிடணும், மெரினா.”

“கப்பைத் தூக்கித் தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டுப் படுப்போமா? மழைக்கு?”

இவர் குனிந்து சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினார். நானும் அத்தோடு நிறுத்திக்கொண்டேன். பன்னிரண்டு வருஷம் கான்வென்டில் படித்தவள் நான். சிஸ்டர்மார் கற்றுத் தந்ததில் இன்றைக்கும் உதவுவது இரண்டு. ஒன்று, கிழிசல் தெரியாமல் தைப்பது. மற்றது, ஒருவர் அளக்கும்போது குறுக்கே பேசாமல் தலையை ஆட்டுவது. முழுக்க அளந்து முடித்தால்தான் முழுக்க மாட்டுவார்.

அடுத்த நாள் நானும் கழகத்துக்குப் போனேன். மூடிக் கிடந்த பழைய பக்டரியில், முன்பு தேயிலைக் கொழுந்து வாட்டிய மேல்மாடிதான் இப்போது சுடுகிற இடம். இல்ஹாம் கழகத்துச் செயலாளர். டவுனில் கட்டடச் சாமான் கடை வைத்திருக்கிறார். கூரைத் தகடும் அவர் கடையில்தான் வாங்க இருந்தோம். எது வாங்கினாலும் அவருக்கு வியாபாரம். ஆகவே அந்த மாடியில் நடுநிலையான ஆள் அவர் ஒருவர்தான்.

பெட்டியைத் திறந்தார். உள்ளே வெல்வெட். வெல்வெட்டில் படுத்திருந்தது அந்தச் சாமான். வெள்ளிக் கம்பி, நீல இரும்பு, பார்க்கிற இடமெல்லாம் திருகாணி. பல் டாக்டர் வீட்டில் பார்த்த கதிரை ஞாபகம் வந்தது.

“இதை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா தம்பி?” என்றேன்.

“ஏலாது அக்கா. அனுமதி கழகத்துப் பேருலதான் எடுக்கலாம். இங்கயே பூட்டித்தான் வைக்கணும்.”

“அப்ப ஒம்பது லட்சம் குடுத்து வாங்கிட்டு, நாங்க வந்து பார்த்துட்டுப் போகணும்? ஆஸ்பத்திரியில ஆள் பார்க்கப் போற மாதிரி?”

“மெரினா, சும்மா இரு. உனக்கு இது விளங்காது” என்றார் இவர். சொல்லிவிட்டு மேசையில் முழங்கையை ஊன்றி ஒரு குண்டு சுட்டார். பத்து மீட்டருக்கு அப்பால் மிளகு பட்ட இடம் இவர் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன? ஒரு திருகாணியைத் திருகினார். மறுபடி சுட்டார். “இடது பக்கம் இழுக்குது” என்று இன்னொன்றைத் திருகினார். அட்டையைப் போய்ப் பார்க்கவே இல்லை.

“இழுக்குதுன்னு எப்படிங்க தெரியும்?”

“தோளுல உணர்வு வருது.”

பத்துக் குண்டுக்குப் பன்னிரண்டு திருகு. இல்ஹாம் ஒரு தரம் வாயைத் திறந்து, என்னைப் பார்த்து, மூடிக்கொண்டார். கெட்டிக்காரப் பிள்ளை.

வீட்டுக்கு வந்ததும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் உறிஞ்சினார். “இது கீழ்மலைக் கொழுந்து. செவ்வாக்கிழமை வேலை. கொஞ்சம் கூட வாட்டிட்டானுங்க” என்றார். சரியாகத்தான் சொன்னார். இந்த விஷயத்தில் இவரை நான் குறை சொல்ல மாட்டேன். இவர் டீமேக்கராக இருக்கிற தேயிலைப் பக்டரியில் வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் அடியில் நம்பர் துண்டைக் கவிழ்த்து வைப்பார்கள். இவர் கரண்டியால் உறிஞ்சி, துப்பி, எந்த மலை, எந்த நாள், யார் கை என்று சொல்வார். பிறகுதான் துண்டைத் திருப்பிப் பார்ப்பார்கள். முப்பத்திரண்டு வருஷத்தில் பிழை விட்டது இரண்டே தரம். அதில் ஒரு தரம் தடிமன் பிடித்து மூக்கு அடைத்திருந்தது.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது.

“ஏங்க, தேத்தண்ணியில தெரியிற மாதிரி அட்டையிலயும் தெரியுமா? இது இந்தத் துவக்கு சுட்டது, இது அந்தத் துவக்கு சுட்டதுன்னு?”

“தெரியாம? ஓட்டையைப் பார்த்தாலே சொல்லிடுவேன்.”

“பேரு போடாம வச்சாக்கூட?”

“நம்பர் மட்டும் போட்டு வை. ஒவ்வொண்ணாப் பிரிச்சுக் காட்டுறேன்.”

“சரி, அப்ப இப்படிச் செய்வோம். மூணு அட்டை நீங்க ஜெர்மன்ல சுடுங்க. மூணு அட்டை கழகத்துப் பழசுல வேற ஆள் சுடட்டும். ஆறையும் கலந்து வைப்போம். சரியாப் பிரிச்சீங்கன்னா நாளைக்கே ரைபிளை வாங்குங்க. கூரைன்னு நான் வாயே திறக்க மாட்டேன். பிழைச்சுதுன்னா கூரை. ரைபிள்னு நீங்க வாயே திறக்கக்கூடாது.”

“பழசை யாரு சுடுறது?”

“யாராவது ஒரு ஆள்.”

“யாரு சுட்டா என்ன? எவ்வளவு பெரிய வீரன் வந்தாலும் அந்த இரும்பு இரும்புதான். சத்தியமா மெரினா, நீயே உனக்கு எதிரா ஏற்பாடு பண்றே.”

தலையை ஆட்டினேன்.

அந்த ‘யாராவது ஒரு ஆள்’ எங்கள் குசினிக்குப் பின்னால் ரப்பர் மரங்களுக்கிடையே தினமும் காலையில் நிற்பவள். தங்கம்மா. ரப்பர் பால்வெட்டுகிறவள். விடியற்காலையில் மரத்துக்கு மரம் போய், பட்டையை நூல் மாதிரிச் சீவி எடுப்பாள். ஒரு நூல் தடிப்புக் கூடினால் கத்தி மரத்தில் பட்டுக் காயமாகும், ஒரு நூல் குறைந்தால் பால் வடியாது. புதிதாக வருகிற பிள்ளைகளுக்குக் கங்காணி காட்டுவது இவள் வெட்டின மரத்தைத்தான். அந்தக் கையைத்தான் இத்தனை வருஷமும் பாத்திரம் கழுவிக்கொண்டே நான் பார்த்திருக்கிறேன்.

விஷயத்தைச் சொன்னேன். சிரி சிரி என்று சிரித்தாள்.

“நான் எங்கம்மா, துவக்கு எங்கம்மா? பொலீசுல பிடிச்சுக் குடுத்திருவாங்க!”

“கழகத்துக்குள்ளதான். இல்ஹாம் தம்பி பக்கத்துல நிப்பாரு. நாலு நாள் மத்தியானம் வா. ஒரு சேலை எடுத்துத் தர்றேன்.”

“சேலை வேணாம்மா.” கத்தியைச் சாக்கில் துடைத்தாள். “டீமேக்கர் ஐயா சொன்னாராமே, ரப்பர்காரங்களுக்குக் கை மரத்துப் போயிருக்கும், கொழுந்து வேலைக்கு லாயக்கில்லன்னு? காலையில பிரட்டுல பேரு கூப்பிடுறப்ப எல்லாரும் பேசிக்கிட்டாங்க.”

“சொன்னாரு.” என்னத்துக்கு மறைக்க?

“எத்தினி மணிக்கு வரணும்?”

நாலு நாளும் நான் வைர ஊசி தைக்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கழகத்துக்குப் போனேன். வைர ஊசி என்று ஒரு தையலே கிடையாது. இவர் கேட்கவுமில்லை.

முதல் நாள் தங்கம்மா சுட்டது சுவருக்குப் போனது. இரண்டாம் நாள் சுட்டது அட்டைக்குப் போனது. இல்ஹாம் சொன்னதெல்லாம் இரண்டே விஷயம்தான். விசையை இழுக்காதே, அமுக்கு. சுட்ட பிறகும் அசையாதே. மூன்றாவது நாள் அவரே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“அக்கா, ஒண்டு செல்லட்டா? எங்கட கழகத்துல பாதிப் பேரு சுட்ட உடனே எழும்பி எட்டிப் பார்ப்பாங்க. இவங்க அப்படியே இருக்காங்க. கல்லு மாதிரி.”

“மரத்துல கத்தியை வச்சுட்டு எட்டிப் பார்த்தா பட்டை போயிருமே தம்பி” என்றாள் தங்கம்மா, கண்ணை எடுக்காமல்.

சனிக்கிழமை காலை இவர் தன் மூன்று அட்டையையும் ஜெர்மன் ரைபிளில் சுட்டார். வெள்ளைச் சட்டை, இடுப்புப் பட்டி, தலைக்கு எண்ணெய். ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு திருகு, ஒரு ‘ஆ, இப்ப வந்துட்டுது’. அட்டைகளை இல்ஹாம் கழற்றி, இவருக்குக் காட்டாமல் உறையில் போட்டார். பக்டரிச் சட்டம் அது என்பதால் இவர் மறுபேச்சுப் பேசவில்லை. மத்தியானம் இவர் கொழுந்து நிறுக்கப் போன நேரம் தங்கம்மா வந்தாள். மூன்று அட்டை. பழைய துவக்கு. திருகாணி இல்லாத துவக்கு, திருகவும் ஒன்றுமில்லை.

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. நாலு சுவர் கண்ணுக்கு முன்னால் வந்து வந்து நின்றது. இவர் தப்பித் தவறிச் சரியாகச் சொல்லிவிட்டால்? என் வாயாலேயே வாக்குக் கொடுத்திருக்கிறேன். இந்த மனுஷன் நாக்கால் சாதித்ததை ஒருவேளை கண்ணாலும் சாதித்துவிட்டால்?

ஞாயிறு பூசை முடிந்து நேரே கழகம். நீள மேசையில் ஆறு அட்டையையும் இல்ஹாம் வரிசையாக வைத்திருந்தார். நம்பர் மட்டும். எந்த நம்பர் யாருடையது என்ற துண்டு அவர் சட்டைப் பையில். தங்கம்மா தூணோரம் நின்றாள். இவர் அவளைப் பார்த்து, “நீ என்ன இங்க?” என்றார்.

“கூட்ட வந்தேன் ஐயா.”

விளக்குமாறு கையில் இல்லை. இவர் அதையும் கவனிக்கவில்லை. முதல் அட்டையை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார். மூக்குப் பக்கம் கொண்டுபோனார். மோந்தாரா என்று கேட்டால், மோந்தார். முப்பத்திரண்டு வருஷப் பழக்கம்.

“ஆ… இதைப் பாருங்க இல்ஹாம். ஓட்டை எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குது. ஒரு நிதானம் இருக்கு. பதற்றமே இல்ல. இது ஜெர்மன் வேலை.”

இடது பக்கம் வைத்தார். 

அடுத்தது. “சீச்சீ! இது நம்ம கழகத்து இரும்பு. ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. இந்தா, இது அட்டையை விட்டே ஓடப் பார்த்து, மனசு மாறி ஓரத்துல நின்னுட்டுது. அம்மை போட்ட மூஞ்சி மாதிரி இருக்கு.” வலது பக்கம் வைத்தார். மூன்றாவதும் வலது பக்கம். நாலாவது வந்தபோது, இவருக்கு மனம் இளகிவிட்டது.

“பாவம். துவக்கை மட்டும் சொல்லக்கூடாது. இதைச் சுட்ட ஆளுக்குக் கையும் நடுங்குது, கண்ணும் போயிருக்கு. நிலையில்லாத மனுஷன். இவனுக்கு எந்தத் துவக்கைக் குடுத்தாலும் இதுதான்.”

“கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க” என்றேன். “எந்தத் துவக்கைக் குடுத்தாலும்?”

“எந்தத் துவக்கைக் குடுத்தாலும்!”

இல்ஹாம் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தங்கம்மா முந்தானையை வாயில் திணித்திருந்தாள். கடைசி இரண்டு அட்டையையும் இவர் பிரிக்கவே இல்லை, தடவிக் கொடுத்தார். “இது ஜெர்மன். இதுவும் ஜெர்மன். இப்படிச் சுட்ட ஒரு சாமானுக்கு ஒம்பது லட்சம்னா, அது தானமாக் குடுக்கிற மாதிரி. மெரினா, காசு எங்க?”

“துண்டை எடுங்க தம்பி.”

இல்ஹாம் வாசித்தார். இடது பக்க மூன்றும் கழகத்துப் பழைய துவக்கு. நூறுக்கு எண்பத்திநாலு, எண்பத்தியாறு, எண்பத்தியேழு. சுட்டது தங்கம்மா. வலது பக்க மூன்றும் ஜெர்மன் ரைபிள். ஐம்பத்தொன்று, நாற்பத்தியேழு, நாற்பத்திநாலு. சுட்டது டீமேக்கர் ஸ்ரான்லி.

அந்த மாடியில் நூறு வருஷமாகக் கொழுந்து வாடியிருக்கிறது. இவர் முகம் அளவுக்குச் சீக்கிரம் எதுவும் வாடி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

“துண்டு மாறியிருக்கும்” என்றார் மெதுவாக.

“மாறல்ல சேர்.”

“தங்கம்மாவா?”

“ஆமாங்க ஐயா. கை மரத்துப் போயிருக்கிறதால நடுங்கல்லைங்க” என்றாள் அவள், மிகுந்த மரியாதையோடு.

இவர் விடுகிற ஆளா? “அப்ப ஒரு கேள்வி. இதே தங்கம்மா ஜெர்மன்ல சுட்டிருந்தா? அப்பதான் ரைபிளோட அருமை தெரியும்!”

நியாயமான கேள்விதான்.  இல்ஹாம் எல்லாத் திருகாணியையும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, பழகிப் பார்க்க ஐந்து குண்டும் கொடுத்தார். தங்கம்மா உட்கார்ந்தாள். பத்துக் குண்டு. இல்ஹாம் போய் அட்டையைக் கழற்றி, இரண்டு தரம் எண்ணினார்.

“எண்பத்தியொம்பது.”

“பார்த்தியா! கூட வந்திருக்கு!” என்று துள்ளினார் இவர்.

“எண்பத்தியேழுக்கு எண்பத்தியொம்பது” என்றேன். “ஒம்பது லட்சத்துக்கு ரெண்டு புள்ளி. அதுவும் அவ கையில. உங்க கையில என்ன வரும்னு நீங்களே சொல்லிட்டீங்க. எந்தத் துவக்கைக் குடுத்தாலும்.”

“எப்படி இருந்திச்சு தங்கம்மா அக்கா?” என்று கேட்டார் இல்ஹாம்.

“சொகுசாத்தான் இருக்கு தம்பி. கன்னத்துல சாய்ச்சுக்கிட்டா தூக்கம் வருது.” எழுந்து தலைச்சீலையைச் சரிசெய்தாள். “முதல்ல ஒழுங்காச் சுடப் பழகிட்டு, பிறகு கடைசி ரெண்டு புள்ளிக்கு இதை வாங்கலாம். அவசரமில்ல.”

இல்ஹாம் ரைபிளை வெல்வெட்டில் படுக்கவைத்து மூடினார். அந்தப் பூட்டு ‘டக்’ என்று விழுந்ததே, முப்பது வருஷக் கல்யாண வாழ்க்கையில் நான் கேட்ட மிக இனிமையான சத்தம் அதுதான். அங்கேயே நின்று ஒரு பெருமூச்சு விட்டேன். ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்தது. எதிர்ச் சன்னலே ஆடியிருக்கும்.

“கூரைத் தகடு நாளைக்கு லொறியில ஏத்தட்டா அக்கா?”

“இன்னைக்கு ஏத்த முடியாதா?”

“ஞாயித்துக்கிழமை அக்கா. நாளைக் காலையில முதல் வேலை. பச்சையா, சிவப்பா?”

“சிவப்பு.”

“பச்சை” என்றார் இவர், வழக்கத்துக்கு.

“சிவப்பு” என்றார் இல்ஹாம், எழுதிக்கொண்டே.

நாங்கள் நாலு பேரும் படியிறங்கத் தொடங்கினோம். பாதிப் படியில் இவர் நின்றார். தொண்டையைச் செருமினார். கீழே ரோட்டைப் பார்த்தார், பக்டரிப் பக்கம் பார்த்தார், பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“இங்க பாருங்க. நடந்தது நடந்துபோச்சு. ஆனா ஒண்ணு கேட்டுக்கிறேன். இது நம்ம நாலு பேருக்குள்ளேயே இருக்கட்டும். ஏழுமலை கிளாக்கருக்கு மட்டும் தெரியவே கூடாது. வெளிய ஒரு ஆளுக்கும் சொல்லிடாதீங்க, என்ன?”

இல்ஹாம் சாவிக்கொத்தில் எதையோ தேடினார். தங்கம்மா நாளைக் காலைப் பிரட்டுக்கு நேரமாகிவிட்ட மாதிரி வேகமாக இறங்கினாள். நான் சிரிப்பை மறைக்கக் குடையை விரித்தேன்.